பிப்ரவரி 14 படத்தின் வெள்ளை

21-3-94, திங்கள்
கடும் வெயில். லேபில் ஏ.சி. நின்றுவிட்டது. கம்ப்யூட்டருக்கு டேபிள் ஃபேன்.

செயற்கைக்கோள் படங்களில் இமயமலைப் பனியின் பரப்பை அளக்கும் வேலை, ஆறாவது மாதம். பனியை நேரில் பார்த்ததில்லை. எங்கள் ஊர் கணபதியில் யாரும் பார்த்திருப்பார்களா, சந்தேகம்.

பிப். 14 படத்தில் மேற்குப் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. மார்ச் 8 படத்தில் அதே இடம் வெறும் பாறை. வேகமாக உருகுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் போன வாரமே அங்குள்ள அணைக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். அதை வைத்துத்தான், உருகி வரும் நீருக்கு இடம் விட, தண்ணீர் திறப்பார்கள்.

வாங்க: ஃப்ளாப்பி ஒரு பெட்டி, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

22-3-94, செவ்வாய்
டைப்பிஸ்ட் சாந்தியைக் கூட்டிப்போக அவள் கணவர் முருகேசன் வந்தார். அவிநாசிக்காரர். ராணுவம். ஒரு மாத லீவு. திரையில் பிப். 14 படம். அதில் ஆற்றின் பெயரைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது எந்தத் தேதிங்க?"

சொன்னேன்.

"அன்னைக்கு அங்க பனி இல்லீங்களே. அந்தப் பள்ளத்துலதானுங்க நாங்க எறங்குனோம். பூராக் கல்லு. மேகந்தானுங்க அடைச்சுக் கெடந்துச்சு."

"தேதி மாறியிருக்கலாமில்லீங்களா?"

"மாறாதுங்க. எங்கூட இருந்த செல்வராசு, பவானிக்காரரு, பாறைல வழுக்கி உழுந்துட்டாருங்க. மேகத்துனால ஹெலிகாப்டர் வரல. அஞ்சு பேரு தூக்கிட்டு நடந்தோம். பாதி வழில போயிட்டாருங்க."

சாந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

23-3-94, புதன்
எட்டரைக்கே லேப். எங்கள் படங்களில் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. மேகத்துக்கு மட்டும் தரையில் நிழல் தனியாக விழும். தேடினேன். இருந்தது. மலை நிழலோடு ஒட்டிக் கிடந்ததால் அதையும் மலையினுடையது என்று விட்டிருக்கிறேன். உருகவே இல்லை. மேகம் கலைந்திருக்கிறது, அவ்வளவுதான். தவறு என்னுடையது.

மதியம் இரண்டு மணிக்குப் பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நானுந்தானேம்மா பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்."

அணைக்கு ஃபேக்ஸ். நாலரைக்குப் பதில்: இன்னும் திறக்கவில்லை. டீ குடித்தேன்.

24-3-94
புதிய கணக்கு. தலைவலி. ஏ.சி. மெக்கானிக் வரவில்லை.

25-3-94, வெள்ளி
முருகேசன் தனியாக வந்தார். பேராசிரியரிடம் கூட்டிப்போனேன்.

"செல்வராசோட அம்மா கேட்டுட்டே இருக்காங்க சார், ஹெலிகாப்டர் ஏன் வரலீன்னு. நாஞ் சொன்னா நம்பமாட்டீங்கறாங்க. அந்தப் படத்துல ஒண்ணு கெடைக்குங்களா?"

எல்லைப் பக்கத்துப் படம். லேபைவிட்டு வெளியே போகக் கூடாது. பேராசிரியர் அதைச் சொன்னார். "செரிங்க" என்று எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு லெட்டர்பேடை எடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருப்பார். அந்த அம்மாவுக்குத் தமிழ்தான் தெரியும் என்றார் முருகேசன். பேராசிரியர் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, பேடை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். பிப்ரவரி 14 காலை பத்தரை மணிக்கு எடுத்த படத்தைப் பார்த்தோம், அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அடர்ந்த மேகம் இருந்தது என்று. கீழே இருவரும் கையெழுத்து.

முருகேசன் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். தபாலில் போட உறை எடுத்துக் கொடுத்தேன்.

"தபால் வேண்டாமுங்க. நானே போயி படிச்சுக் காட்டிப்போட்டு வாரேன்."

நாலு மணி பவானி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.