ஆடி மாத மண்டபத்தில் ஒரு முதலை

இன்று காலை அடுப்பில் மைதா பசை கொதித்துக்கொண்டிருந்தது. நீ சொல்லிக்கொடுத்தபடியே, கெட்டுப்போகாமல் இருக்க இரண்டு மூன்று கிராம்பைத் தட்டிப் போட்டேன். வீடு முழுக்க அந்த வாசனை. தூக்கக் கலக்கத்தோடு சமையலறைக்கு வந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, கஞ்சி காச்சறியா? நோன்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே?"

"கஞ்சி இல்லீங்க. பேய்க்கு மரம் ஒட்டணும்."

"ஓ, ஆடி வந்துருச்சா" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார். வேறு எந்த வீட்டிலாவது இப்படி ஒரு பதில் எடுபடுமா? எங்கள் வீட்டை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவள் நீதான். கரண்டியால் கிளறிக்கொண்டே உன்னோடு பேச ஆரம்பித்தேன். பசை ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை மறுநாள் ஸ்ரீரங்கத்தில் நம் கண்காட்சி. நீ இல்லாமல் நடக்கும் முதல் கண்காட்சி.

இது எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? சின்னக் கடைவீதியில் என் தையல் கடைக்கு ஒரு மத்தியானம் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளிலிருந்தே நீ கோபமாக வந்தால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம். அன்றைக்கும் முகம் சிவந்திருந்தது. உன் அக்கா குழந்தைகளை ஏதோ ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போயிருக்கிறாய். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை ஒருவர் பின்னாலேயே வந்து, "தொடாதே, கிட்டப் போகாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"கையைக் கட்டிண்டு பார்த்துட்டு வர்றதுக்குக் கொழந்தைகள் என்ன இன்ஸ்பெக்ஷனுக்கா வந்திருக்கா? நாம ஒண்ணு பண்ணலாம்டி, பாத்திமா. எல்லாத்தையும் தொடணும். தொடலைன்னா உள்ளேயே விடப்படாது."

"சரி, இப்ப எங்கிட்ட என்ன வேணும்?"

"வெட்டுத்துணி ரெண்டு மூட்டை. முதலை செய்யப்போறேன்."

நாட்டுப்புறக் கதைகளைத்தான் எடுத்துக்கொண்டாய். நரியின் காலை முதலை கவ்விக்கொள்ள, "ஐயோ பாவம், வேரைப் பிடிச்சிருக்கீங்களே!" என்று நரி சொல்ல, முதலை ஏமாந்து காலை விட்டுவிடுகிற கதை. அப்புறம் முருங்கை மரத்துப் பேய். பேயைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதில், அதன் தலையைக் குழந்தைகள் பின்னிப் பூ வைத்துவிட வேண்டும் என்றாய். கறுப்பு நூலில் தரை வரை கூந்தல் செய்து கொடுத்தேன். "பேய்க்கு ஜாக்கெட் அளவு?" என்று கேட்டதற்கு, "என் அளவே போறும்" என்றாய்.

மூங்கில் பட்டையில் எலும்புக்கூடு, மேலே பசை தடவிய செய்தித்தாள், அதற்கும் மேலே பச்சை வெட்டுத்துணிகளைச் செதில் செதிலாகத் தைத்து முதலையை என் கடை மாடியில் செய்தோம். வயிற்றுக்குள் ஒரு குழந்தை உட்காரலாம். வெளியே இருந்து ஒரு குழந்தை வாய்க்குள் காலை நீட்டினால், உள்ளே இருக்கிற குழந்தை பிடித்துக்கொள்ளும். அதை ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, நீ வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார, காவிரிப் பாலத்தில் போனோமே! பைக்கில் போனவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாலம் முடிகிற இடத்தில் டிராஃபிக் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"என்னம்மா இது?"

"முதலை சார். ஆத்துல விட எடுத்துண்டு போறோம்" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர் ஒரு கணம் நம்பிவிட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் உத்திர வீதிப் பக்கத்து மண்டபம் சும்மாக் கிடந்தது. அது நமக்குக் கிடைத்தது. முதல் நாள் காலை அக்கம்பக்கத்துக் குழந்தைகள். மத்தியானம் உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ் பிடித்து வருவதாக ஏற்பாடு. "முதலை வயித்துக்குள்ள உக்காரலாம்னு சொல்லிட்டேன், மேடம். ரெண்டு நாளா பசங்க தூங்கலை" என்று அவர்கள் வாத்தியார் போனில் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் ஒரு கூட்டம் முதலையின் முதுகில் ஏறிவிட்டது. மளமளவென்று ஒரு சத்தம். முதுகு அப்படியே உள்வாங்கிவிட்டது. ஏறினவர்கள் ஓடிவிட்டார்கள். உள்ளே இருந்த சிறுமி மட்டும் வெளியே வரவில்லை. கிழிசல் வழியாக அவள் கால் அசைவது தெரிந்தது, அடி எதுவும் இல்லை. ஆனால் எத்தனை கூப்பிட்டும் வர மாட்டேன் என்கிறாள்.

"வெளியே வாடி! வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!" என்று அவள் அம்மா கத்தினாள். ஒவ்வொரு செதிலும் நான் தைத்தது. "அப்பவே சொன்னேன், சுத்திக் கயிறு கட்டலாம்னு. இப்ப அந்தப் பசங்களுக்கு எதைக் காட்டறது?" என்று உன் மேல் பாய்ந்தேன்.

நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதலையின் வாய் வழியாகத் தவழ்ந்து உள்ளே போய்விட்டாய்! உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது.

"யாரது? நீதான் முதலையா?"

"இல்ல." விசும்பல். "முதலை செத்துப்போச்சு. நான் உள்ள இருந்து ஆட்டிட்டேன்."

"செத்துப்போச்சா? மூச்சு விடறதே. காதை வெச்சுக் கேளு."

புஸ்ஸு புஸ்ஸென்று நீ மூச்சு விட்டது வெளியே நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது. பிறகு அந்தக் குட்டிக் குரல், "அப்ப டாக்டரைக் கூப்பிடுங்க" என்றது.

முதுகுக் கிழிசல் வழியாக உன் தலை வெளியே வந்தது. கூந்தலெல்லாம் காகிதத் துணுக்கு. "ஏண்டி பாத்திமா, டாக்டர் வேணுமாம்! ஊசி நூலோட சீக்கிரம் வா!"

கோபத்தில் நின்றிருந்தவளை ஒரு நொடியில் சர்ஜனாக்கிவிட்டாய். என்ன செய்வது, போனேன். ஓடிப்போன பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒருத்தன் பசை தடவினான், ஒருத்தி காகிதம் கிழித்தாள், பேய்க்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட விட்டுவிட்டு வந்தார்கள். திட்டிக்கொண்டிருந்த அம்மா மூங்கில் பட்டையை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். முதுகில் வெள்ளைத் துணியால் பெரிய கட்டுப் போட்டோம். அந்தச் சிறுமி முதலையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜுரம் இல்ல" என்றாள்.

உப்பிலியபுரம் பஸ் வந்தபோது பசை முழுவதும் காயக்கூட இல்லை. நமக்கு முன்னால் அந்தச் சிறுமி வாசலில் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டாள். "மெதுவா வாங்க! அதுக்கு இப்பத்தான் ஆபரேஷன் ஆயிருக்கு!"

நீயும் நானும் எவ்வளவு சொல்லியும் வராத ஒழுங்கு அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள், உள்ளே உட்கார்ந்தார்கள், காலை நீட்டினார்கள். ஒல்லியான ஒரு பையனின் காலை முதலை கவ்வியது. அவன் வேர் என்று சொல்ல வேண்டிய இடம். அவன் குனிந்து வாய்க்குள் பார்த்து, "முதலையாரே, முதுகு வலிக்குதா? இப்ப என்னை விட்டுருங்க. உடம்பு சரியானதும் நானே வரேன்" என்றான். உள்ளே இருந்த குழந்தை உடனே காலை விட்டுவிட்டது.

நீ தூணில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "கதையே மாறிடுத்துடி. நரி நல்லவனாயிட்டான்!"

அடுத்த வருஷத்திலிருந்து முதலை எந்த வருஷமும் முழுசாக வெளியே வரவில்லை. பாதி செய்து வைத்துவிட்டு, மீதியைக் குழந்தைகளிடம் விட்டோம். வருஷா வருஷம் ஆள் கூடிற்று. தொட்டியத்திலிருந்து ஒரு வாத்தியார் வாழை நாரைக் கட்டுக் கட்டாக அனுப்பினார், பேயின் கூந்தல் நீண்டுகொண்டே போனது.

போன மார்கழியில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "உனக்காகத் தினம் துஆ கேக்கறேன்" என்றேன். "கேளு. எங்காத்து மாமி ஒருத்தி பெருமாள்கிட்ட கேட்டுண்டிருக்கா. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்" என்று சிரித்தாய். அப்புறம் மெல்ல, "வர்ற ஆடிக்கு என்ன கதைடி?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். இந்த வருஷம் பேய்தான் நாயகி. அதற்கு முருங்கை மரத்தில் தனியாக இருந்து அலுத்துவிட்டது. கீழே இறங்கி வந்து, தங்க ஒரு வீடு கேட்கிறது. வீட்டைக் குழந்தைகள்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். மண்டபத்து மேனேஜர் நேற்று வந்து, "சுத்திக் கயிறு கட்டிடலாங்களா, சாமானெல்லாம் பத்திரமா இருக்கும்?" என்று கேட்டார். கயிறு கேட்டு உன்னோடு சண்டை போட்ட நான்தான், "வேண்டாங்க, உடைஞ்சா உடையட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன், பசை ஆறிவிட்டது. போன வாரம் கடைக்கு ஒரு பெண் அளவு கொடுக்க வந்தாள். கூட வந்த குழந்தை பொத்தான் டப்பாவை இழுத்துக் கவிழ்த்துவிட்டது. கடை முழுக்கப் பொத்தான்கள் உருண்டு ஓடின. அந்தப் பெண் பதறிப்போய்க் கையை ஓங்கினாள். நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கையில் ஒரு சிவப்புப் பொத்தானைக் கொடுத்தேன்.

"அடிக்காதேடிம்மா, கொழந்தைதானே. நாங்க ரெண்டு பேரும் பொறுக்கிண்டுடறோம்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது, அது யார் பேச்சு என்று. அந்தப் பெண்ணும் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்க ஸ்ரீரங்கமாக்கா?"

"பாதி" என்றேன்.