ஒரு பாட்டில் கறுப்பு மை

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீ அனுப்பிய உன் அண்ணனின் ரிப்போர்ட்டுகளைச் சன்னலோரம் விரித்து வைத்தேன். பல்கூட விளக்கவில்லை. ஆய்வகத்தில் நாள் முழுக்கக் கிருமி பார்ப்பது போதாதென்று, பிரிந்து இரண்டு வருடமான புருஷனின் முதுகுத்தண்டு நீரில் சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று வெயிலில் படித்துக்கொண்டிருந்தேன். வேடிக்கையான பெண்டாட்டி.

டிபி மூளைக்காய்ச்சல் என்று மருந்து தொடங்கி ஒரு மாதமாகியும் தலைவலி கூடுகிறது, வாந்தி நிற்கவில்லை, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்கிறாய். மூட்டுவலிக்கு ஒரு வருடமாக ஸ்டீராய்டு விழுங்குவதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்கிறாய். அது முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் காவலைக் குறைக்கும். அந்த நேரம் பார்த்துக் காற்றில் வருகிற பூஞ்சை மூளை உறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு டிபி போலவே இருக்கும்; டிபி மருந்துக்கு மசியாது.

அவசரத்துக்கு உங்கள் டாக்டரிடம் போனிலேயே பேசிவிட்டேன். நல்ல மனிதர். மறுபடி முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிறேன் என்றார். அதில் ஒரு சொட்டைக் கறுப்பு மையோடு கலந்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இந்தப் பூஞ்சையின் உறைக்குள் மை நுழையாது. கறுப்புக்கு நடுவே வெளுத்த வளையமாகத் தெரியும். அவர்கள் ஆய்வகத்தில் மை காய்ந்துபோய்விட்டதாம்! உன் அண்ணன் கட்டட வரைபடம் போடுகிற மேசையில், வலது இழுப்பறையில் மை பாட்டில் இருக்கும். பிரிக்காததாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடு. முதலில் மையை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல். மையிலேயே ஏதாவது வளர்ந்திருந்தால் எல்லோரையும் ஏமாற்றிவிடும். மையில் தெரியாவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க வேறு பரிசோதனையும் உண்டு, அதற்கும் சொல்லியிருக்கிறேன்.

நான் வரட்டுமா?

உன் அண்ணி


மார்ச் 9

அன்பு அண்ணிக்கு,

நீங்கள் சொன்னதேதான். பூஞ்சை. ஆய்வகத்து அம்மா "வந்து பாருங்க" என்று என்னையே கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புத் துணியில் சம்கி தைத்த மாதிரி. "இவ்ளோ அழகா இருந்துக்கிட்டா இந்த அக்கிரமம் பண்ணுது?" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். மை பாட்டிலை மட்டும் திருப்பித் தரவில்லை.

டிபி மருந்தை நிறுத்திவிட்டார்கள். புது மருந்து ட்ரிப்பில் இறங்குகிறது. ஏறினதும் அண்ணனுக்குக் கட்டில் ஆடுகிற அளவு நடுக்கம். அந்த மருந்து கிட்னியைக் கெடுக்காமலிருக்க முன்னாலேயே சலைன் ஏற்றி, தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். தலைக்குள் அழுத்தம் அதிகமாம். அதனால் அடிக்கடி முதுகிலிருந்து நீரை வடிக்கிறார்கள். வடித்த கையோடு தலைவலி இறங்கிவிடுகிறது. ஊசி என்றால் ஓடுகிற ஆள், இப்போது "அந்த ஊசிக்காரரு எப்ப வருவாரு?" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்து, "ஒரு தங்கச்சியையே தாங்க முடியலை, இப்ப ரெண்டு" என்கிறான். பிழைத்துக்கொள்வான், அண்ணி.

நீங்கள் வருவதைப் பற்றிக் கேட்டேன். "வேணாம். இந்தக் கோலத்துல அவ என்னைப் பாக்க வேணாம்" என்றான்.

எனக்கு இப்போதுதான் புரிகிறது. "கிருமியைப் பாக்கிற மாதிரியே என்னையும் பாக்கிறே" என்று, நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு உங்களைச் சொன்னானே, அதுவும் இந்தப் பூஞ்சை பேசியதுதான். மனதில் வைக்காமல் வந்துவிடுங்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டேன். அவ்வளவு நிம்மதி.

ஸ்டீராய்டை அவராகச் சட்டென்று நிறுத்தக் கூடாது; டாக்டர் சொல்கிறபடி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். தலைவலி போய்விட்டது, ஊசி போதும் என்று அவர் சொன்னாலும் டாக்டர் சொல்லும்வரை விடாதே.

ஆனால் அந்தச் சொல்லைப் பூஞ்சையின் தலையில் கட்டாதே. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஸ்டீராய்டே தொடவில்லை. கல்லுப் போல இருந்தார். அது அவர் சொன்னதுதான். நானும் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்தபின்னும் யாரையும் முழுதாகப் பார்க்காமல், எங்கே கோளாறு என்றே பார்த்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. அவர் வேண்டாம் என்னும்போது நான் வரமாட்டேன். ரிப்போர்ட்டுகளை அனுப்பிக்கொண்டே இரு.

உன் அண்ணி


ஏப்ரல் 20

அன்பு அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்தாயிற்று. இனிமேல் மாத்திரைதான், ஒரு வருடமாவது போடணுமாம். அண்ணன் கண்ணுக்கு நான் மறுபடி ஒற்றைத் தங்கச்சி ஆகிவிட்டேன். அண்ணனும் பழைய அண்ணன் ஆகிவிட்டான்: கஞ்சியில் உப்பில்லை, மின்விசிறி சத்தம் போடுகிறது, மை பாட்டிலை எந்தப் புண்ணியவான் அமுக்கினான்? பூஞ்சை இருந்தபோதே தேவலை.

மை கேட்டு அனுப்பினது நீங்கள்தான் என்று அப்போதுதான் சொன்னேன். உப்பில்லாத கஞ்சியை மடமடவென்று குடித்து முடித்தான். பாவமாக இருந்தது. "விடுண்ணா, அண்ணிகிட்ட அன்னிக்கு நீ பேசினதும் இந்த நோய்தான்னு வச்சுக்க" என்றேன்.

"அது ஒண்ணும் பூஞ்சை பேசலை. நான்தான் பேசினேன். பேசியிருக்கக் கூடாது. அப்படியே எழுது. எனக்குச் சாதகமா ஒரு வார்த்தை சேக்காதே."

சேர்க்கவில்லை, அண்ணி. ஆனால் இதைச் சொல்லலாம் அல்லவா? நேற்று உங்கள் நாற்காலிமேல் குவித்து வைத்திருந்த வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தான். ஏன் என்றேன். "தூசி" என்றான்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 26

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டே படித்தேன். பக்கத்தில் இருந்தவள், "என்ன மேடம், லாட்டரியா?" என்றாள். தலையை ஆட்டிவைத்தேன்.

நோய்தான் பேசியது என்று சொல்லிக்கொள்ள, டாக்டரே முத்திரை குத்திக் கொடுத்த சாக்கு அவர் கைக்கு வந்தது. எடுத்துக்கொண்டிருந்தால் நானும் மறுத்திருக்க மாட்டேன். இங்கேயே சௌக்கியமாக இருந்திருப்பேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். நான் கல்யாணம் செய்துகொண்டது அந்த மனிதரைத்தான்.

உப்பில்லை என்று இனியும் சொல்வார், தெரியும். என் கண்ணும் மாறாது. உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிற ரகம் அவர். அதைக் கவனிக்க அப்படிப்பட்ட கண்ணொன்று வீட்டில் இருப்பது நல்லதுதான்.

உறையில் உன் முகவரியை எழுதிவிட்டேன். தபால்தலை ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை முதல் நீண்ட விடுப்புக் கேட்டிருக்கிறேன். காரணம் 'சொந்த வேலை'. பஸ்ஸில் போகிறதற்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும், இந்தக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கும்போதுதான் தெரியும்.

பையில் சேலைகளுக்கு நடுவே ஒரு புது மை பாட்டில் இருக்கிறது. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இப்போதுதான் மறுபடியும் பார்த்தேன்.

உன் அண்ணி