அறுபத்தொரு பக்கங்கள் திறந்திருக்கின்றன

ஓரிக்கை,
3.11.2025

அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். பெங்களூர்க் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? இந்த இரண்டு வரிக்கே காலைக் காப்பி ஆறிவிட்டது. போனில் சொல்லலாம்தான். நாற்பது வருஷம் லாரியில் மூட்டை ஏற்றியவன், அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றது போனில் பேசவா? முதியோர் வகுப்பில் வடிவு டீச்சர், "யாருக்காவது லெட்டர் போடுங்க, பதில் வாங்கிக்கினு வந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நீ அனுப்பிய லேப்டாப் வந்தது. எது நல்லது என்று சொல்லச் சொன்னாயே, எல்லோரும் வைத்திருக்கிற பழைய பிரவுசரையும் உங்கள் கம்பெனியின் புதுப் பிரவுசரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழையதில் பக்கங்களின் பெயர் மேலே வரிசையாக நிற்கிறது. இருபது பக்கம் திறந்தால் பெயர்கள் நசுங்கி ஒவ்வோர் எழுத்துதான் மிஞ்சுகிறது. ஒற்றை எழுத்தை நான் எதோடு கூட்டுவது? உங்களுடையதில் இடது ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக, ரேஷன் கடைப் பலகை போல முழுப் பெயரும் நிற்கிறது.

எதற்கு இருபது பக்கம் என்று கேட்பாய். ஒரு பக்கம் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆகிறது. அதற்குள் அதிலிருந்து இன்னொன்று கூப்பிடுகிறது. பாதி படித்ததை மூட மனம் வரவில்லை.

இப்படிக்கு,
இளங்கோவன்
(முழுக்க நானே எழுதியது)


பெங்களூரு,
9.11.2025

அன்புள்ள அப்பா,

உன் கடிதத்தை ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். ரொம்ப ரசித்தார்கள். இப்போதுதான் படிக்கக் கற்றவர் ஒருவர் பிரவுசரைப் பார்த்துச் சொல்வது வேறு எந்தக் கம்பெனிக்கும் கிடைக்காது என்கிறார்கள். எங்கே தடுமாறினாலும் மறைக்காமல் எழுது. பிழைகளைத் திருத்தாதே, அப்படியே இருக்கட்டும். இரண்டு பக்கங்களை அக்கம்பக்கமாக வைத்தும் பார். லேப்டாப்பில் என் கணக்கைத்தான் போட்டிருக்கிறேன், எதையும் மாற்றிவிடாதே.

தீபாவளிக்குத்தான் வர முடியவில்லை. பொங்கலுக்குப் பார்க்கலாம். மாத்திரையை மறக்காதே.

பிரவீனா


ஓரிக்கை,
18.11.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் காட்டினேன். பதில் வந்த முதல் ஆள் நான்தான். கூடப் படிக்கும் குமாரவேலுக்கு வயிற்றெரிச்சல். "பொண்ணு ஊட்ல இருந்தா வந்துது, ஆபீஸ்ல இருந்தா?" என்கிறான்.

இப்போது அறுபத்தொரு பக்கங்கள் திறந்திருக்கின்றன. நீ சொன்னபடி இரண்டை அக்கம்பக்கமாக வைத்தேன். ஒன்று தாமல் ஏரி நிரம்பிவிட்டது என்கிறது, மற்றது இன்னும் இரண்டடி பாக்கி என்கிறது. இரண்டு பொய்யர்களை எதிரெதிரே உட்கார வைத்தது போல இருந்தது. ஒரு குறையும் உண்டு. நான் தொடாமல் விட்ட பக்கத்தை அது தூங்கப் போட்டுவிடுகிறது. எழுப்பினால் முதல் வரியில் வந்து நிற்கிறது. மூன்று நாளாக நான் படித்து இறங்கியதெல்லாம் போகிறது.

நான் திறக்காத பக்கங்களும் ஓரத்தில் வருகின்றன. உன்னுடையவை போலிருக்கிறது. ஒன்றில் என் படம் இருக்கிறது. என் கடிதத்தையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறாய். தலைப்பை மட்டும் கூட்டினேன்: 'அப்பாவின் முதல் பிரவுசர்'. கீழே முந்நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். வரிக்கு வரி மஞ்சள் முகங்கள், எல்லாவற்றின் கண்ணிலும் நீர். இத்தனை பேரை நான் உருக்கிவிட்டேனா?

மீதியை இன்னும் படிக்கவில்லை. சனிக்கிழமை வகுப்பில் அவரவர் தேடி எடுத்ததை உரக்கப் படிக்க வேண்டும். அன்னம்மாள் பைபிளிலிருந்து சங்கீதம் படிக்கிறாள். நான் உன் பக்கத்தைப் படிக்கப் போகிறேன். அன்றைக்குப் புதிதாக இருக்கட்டும் என்று தொடாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இளங்கோவன்


பெங்களூரு,
24.11.2025

அப்பா,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ஏழு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை என்றால் படித்துவிட்டாய் என்றுதான் அர்த்தம்.

அது சும்மா தமாஷ் அப்பா. அப்படி எழுதினால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். நீ அவ்வளவு தூரம் படிப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. உன்னால்தான் ஆயிரக்கணக்கான பேர் எங்கள் பிரவுசருக்கு மாறியிருக்கிறார்கள்.

இப்போது கம்பெனியில் உன் சம்மதம் கேட்கிறார்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். எனக்கு வர வேண்டிய டீம் லீடர் வேலை, கூட இருக்கும் சிம்ரனுக்குப் போய்விடும். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இருக்கிறது, நீ படிக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட நேரமாகும் என்றால் கைரேகை போதும். சீக்கிரம் அனுப்பு.

பிரவீனா


ஓரிக்கை,
28.11.2025

பிரவீனாவுக்கு,

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு முதலில் சத்தம்தான் வரும். அர்த்தம் பின்னால் நடந்து வரும். அதனால் வகுப்பில் நன்றாக உரக்கப் படித்தேன். 'பெரிசு ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள பிரவுசர்ல மூணு வெர்ஷன் வந்துடும்' என்று ஒருவன் எழுதியிருந்தான். குமாரவேல் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்நியன் சொன்னது, உண்மையும்கூட.

அதன் கீழே சிம்ரன் என்ற பெண் கேட்டிருந்தாள்: 'லெட்டர் எல்லாம் நீயே படிக்கிறியா?' நீ பதில் எழுதியிருந்தாய்: 'ஆபீஸ் வேலையா போச்சி, படிக்கிறேன். இல்லன்னா இந்தக் கோழிக் கிறுக்கலை யாரு உக்காந்து படிப்பா.'

'கிறுக்கலை' என்பதை இரண்டு முறை தப்பாகக் கூட்டினேன். டீச்சர் எப்போதும் திருத்துவார், அன்றைக்குத் திருத்தவில்லை. மூன்றாவது முறை சரியாக வந்தது. "போதும்யா, மூடு அத்த" என்றாள் அன்னம்மாள். அந்த மஞ்சள் முகங்கள் அழவில்லை என்றும் அவள்தான் வழியில் சொன்னாள்.

மூடவில்லை. மீதியை வீட்டில் படித்தேன். முந்நூறையும் முடிக்க ஐந்து நாள் ஆனது. போனை எடுக்காததற்குக் காரணம் அதுதான்.

என் முடிவைக் கேட்டாய். நிறையப் பக்கங்களைத் திறந்து வைத்துப் படிக்க உங்கள் பிரவுசர்தான் நல்லது. பழையது வேண்டாம். தூங்கின பக்கம் விட்ட வரியிலேயே எழுந்திருக்கும்படி செய்யச் சொல். இது என் ரிப்போர்ட். பிழையைத் திருத்தவில்லை, நீ கேட்டபடி.

அறுபத்தொன்றையும் மூடி, லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பிவிட்டேன். பொங்கலுக்கு வர வேண்டாம். கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்புவேன். வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்கிறார் டீச்சர். "எனக்கு எழுதுய்யா, நான் படிக்கிறேன்" என்கிறாள் அன்னம்மாள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். தபால் தலை வாங்கியிருக்கிறேன்.

உன் தாள் இதோடு இருக்கிறது. வேலை உனக்கே கிடைக்கட்டும். என்ன போதும் என்றாயோ அதைத்தான் அதிலும் வைத்தேன், இதிலும் வைக்கிறேன்.

இப்படிக்கு,

(இடது கைப் பெருவிரல் ரேகை)