ஏரி மூலையில் கொட்டி

வைகாசி, புதன் இரவு

கல்லங்குறிச்சிப் பக்கத்து ஏரியில் தூர் வாரத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், நான் தாவரவியல் நடத்தும் கல்லூரியில் சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஓடினேன். கொட்டி என்ற நீர்ச்செடி பூக்கிற மூலையை மட்டும் விட்டுவிடும்படி பொக்லைன் ஓட்டுநரிடம் கேட்டேன்.

"பூவா? வெறும் வெடிச்ச மண்ணுதானங்க கெடக்கு."

தண்ணீர் நின்றால்தான் பூக்கும், இப்போது கிழங்காக மண்ணுக்குள் இருக்கிறது என்றேன். அழிந்துவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் கொட்டிக்கு ஆபத்தில்லை என்றுதான் போட்டிருக்கிறது. நான் தேடிய ஏரிகளிலோ மிச்சம் இந்த மூலை ஒன்றுதான். இதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அவரே இறங்கி, மண்ணைக் கிளறி, சுண்டைக்காய் அளவில் ஒரு கிழங்கை எடுத்தார். "இதுங்களா! சோறு இல்லாத நாள்ல எங்க அம்மா இதத்தாங்க அவிச்சுக் குடுக்கும்." மேஸ்திரி எவ்வளவு சத்தம் போட்டும் அவர் அந்த மூலைப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. மற்ற மண்ணெல்லாம் டிராக்டரில் போய்விட்டது. நாளைக்கு வேறு ஓட்டுநராம்.

அரியலூர் வந்து கதவைத் திறந்ததும், "இன்னைக்குத் தப்பிச்சிடுச்சுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். என் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பதிலுக்காகக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றிருக்கிறேன்.