இரண்டு அடுக்களைக்கு ஒரு பூனை

ஆபா,

காலையிலிருந்து என் அடுக்களை முழுக்கச் சுண்ணாம்பு வாசம். உன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். யாரோ புதிதாகக் குடிவரப் போகிறார்களாம். ஊறின சுண்ணாம்பின் ஈர வாசம் நம் சுவர் ஓட்டை வழியாக நேரே என் அடுப்பு மேல் வந்து விழுகிறது. பருப்புக்குத் தாளித்தேன், தாளித்த வாசமே தெரியவில்லை. இத்தனை வருஷமும் அந்த ஓட்டை வழியாக நீ வறுக்கும் வெங்காயமும் நெய்யும் ஏலக்காயும் வந்து, முக்கியமாகக் கறி தொடாத எங்கள் தபசுகாலத்தில், என்னைப் பாடாய்ப் படுத்தின. இன்றைக்குச் சுண்ணாம்பு. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. உன்னோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. இனி அதற்கும் எழுதத்தான் வேண்டும் என்றாகிவிட்டது, எழுதுகிறேன்.

உன்னைவிட நான்தான் மூத்தவள். ஆனாலும் உன் வீட்டுச் சின்னதுகள் எல்லாம் 'ஆபா, ஆபா' என்று உன்னை அக்கா முறையில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தேன் என்று வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் உனக்கு 'டீச்சரம்மா'.

கச்சேரி ரோட்டுச் சந்தில் ஒட்டிக் கட்டிய வீடுகள். உன் அடுக்களைக்கும் என் அடுக்களைக்கும் ஒரே சுவர். ஆனாலும் நாம் பார்த்துக்கொள்ள வழி இல்லை. உன் வீட்டில் கோஷா, வாசல் தாண்டினால் திரை போட்ட வண்டி. என் வீட்டில் மாமியார். திரையையாவது கொஞ்சம் விலக்கிப் பார்க்கலாம், என் மாமியாரை யார் விலக்குவது? "குடும்பப் பொம்பளைக்குப் பக்கத்து வீட்டுல என்னடி வேலை?" என்று ஒரு தரம் கேட்டார்கள் என்றால் கேட்டதுதான். ஒரு ஐப்பசி மழையில் அந்தச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இரண்டு செங்கல் பெயர்ந்து விழுந்தது. அவர்கள் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புவதற்குள் அது வழியாக ஒரு பூனை வந்துவிட்டது.

வெள்ளை உடம்பில் செவலைத் திட்டு. ஊரே தன்னது என்ற நடை. பின்னாலேயே ஓட்டையில் ஒரு முகம் தெரிந்தது. பெரிய கண், மூக்கில் சின்னதாக ஒரு வெள்ளைக் கல்.

"ஏம்மா, எங்க பேகம் அங்க வந்துச்சா?"

"பேகமா? இது எங்க ராணி இல்லே?"

இரண்டு பேரும் விழித்தோம். அப்புறம் தெரிந்தது கதை. மகாராணி உன் வீட்டில் கறி தின்றுவிட்டு, கூரை ஏறிக் குதித்து என் வீட்டுக்கு வந்து, பெற்ற தாய் பட்டினி போட்டது மாதிரி கத்தி மீன் வாங்கித் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். "அரே, நம்ம ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்திக்கினு கீது பாரு!" என்றாய். நானும் சிரித்தேன். இந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ராணி எங்கள் அரிசி மூட்டை எலிகளை ஒழித்துக் கட்டியதால் மாமியாருக்கு அவள் மேல் ஒரு மரியாதை. "பூனை போக வர வழி கிடக்கட்டும், பூனைக்காகத்தான்" என்று ஓட்டையை விட்டுவைத்தார்கள். அந்தப் 'பூனைக்காக' என்கிற ஒரு வார்த்தையில்தான் நாம் பிழைத்துக் கிடந்தோம். மாமியார் ஜெபமாலையோடு கூடத்தில் உட்கார்ந்ததும் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கீரை ஆய்ந்துகொண்டே பேச்சு. உன் வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்ப வரும் நாள், என் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது நான் அழுத அழுகை, எதை வைத்துக்கொண்டோம் சொல்லாமல்? மாமியார் செருமினால் நான் உடனே "சூ, சூ, ராணி" என்பேன். நீ அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கிப் புரைக்கேறி இருமுவாய்.

ஒரு வருஷம் உங்கள் நோன்பும் எங்கள் தபசுகாலமும் சேர்ந்து வந்தன. எங்கள் வீட்டில் கறி கிடையாது, ஒரு வேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி. சாயங்காலம் ஆனால் நான் கோயிலுக்குப் போய்விடுவேன். நீ விடியுமுன் எழுந்து சஹர் சமைத்துவிட்டுப் பகலில் கண் அயர்ந்துவிடுவாய். நம் பேச்சே குறைந்துபோயிற்று. ராணியைக் காணவில்லை. எனக்குக் கவலை வரவில்லை. இங்கே ஒருசந்திக் கஞ்சியைக் குடிக்கவா வருவாள், சஹர் கறிக்கு அங்கேயே சீலை விரித்துப் படுத்திருப்பாள் என்று நினைத்தேன். நீ என்ன நினைத்தாயாம்? பகலெல்லாம் நம் அடுப்பு அணைந்து கிடக்கிறது, டீச்சரம்மா வீட்டில் மீனாவது கிடைக்கும், அங்கே இருப்பாள் என்று. இரண்டு பேரும் கடவுளுக்காகப் பட்டினி கிடந்தோம், இரண்டு பேரும் பூனையைத் தேடவில்லை.

கடைசியில் என் வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் பின்னால், விறகுச் சந்தில் கிடந்தாள். வயசாகிவிட்டது, நோய் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சுருண்டு, மூக்கை வாலுக்குள் புதைத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரியே. தூக்கி வந்து ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ தோள் வரை கையை நுழைத்து அவள் தலையைத் தடவினாய். கண்ணாடி வளையல் சுவரில் உரசிற்று. "தண்ணி குடிச்சாளோ இன்னாவோ" என்று மட்டும் கேட்டாய். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தாகத்தோடு போயிருப்பாளோ என்பதை என்னால் இன்னும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

ராணியைக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்துவிட்டுக் கை கழுவுவதற்குள் மாமியார் சொன்னார்கள்: "பூனையும் போச்சு. அந்த ஓட்டைய அடைச்சிடலாம்." குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

நான் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊமை அழுகை அழுதேன். நீ உன் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு, "திருவல்லிக்கேணில எங்க அம்மா வூட்டுல பூனை குட்டி போட்டுக்கீது. தம்பிய விட்டு ஒண்ணு கொண்டாரச் சொல்லிட்டேன்" என்றாய்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "மண்ணு கூடக் காயல ஆபா. அதுக்குள்ள இன்னொண்ணா? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று கத்தினேன்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. நோன்பு வாயோடு, உலர்ந்த குரலில், மெதுவாகச் சொன்னாய்: "டீச்சரம்மா, பேகத்துக்கு எவ்ளோ வோணா அழுவலாம், நான் ஒண்ணியும் வாணான்னு சொல்லல. கல்லு வச்சிட்டா அப்பறம் யார் கூட குந்திக்கினு அழுவே? சொல்லு."

கீரைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளே வந்தது குட்டி. வழி தெரிந்தால் திரும்பி ஓடிவிடும் என்று கூடையில் போட்டு மூடி, ஜட்கா வண்டியில் ஊர் சுற்றிக் கொண்டுவந்திருந்தான் உன் தம்பி. கறுப்பு. நோஞ்சான். ஒரு காது மடங்கியது. முகமெல்லாம் கண். பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. புதுப் பூனைக்குப் பாதத்தில் நெய் தடவினால், அதை நக்கி முடிப்பதற்குள் வந்த வீடு சொந்த வீடாகிவிடும் என்பது உங்கள் வழக்கம். நீ முன்னங்கால் இரண்டுக்கும் தடவிவிட்டு, பின்பக்கத்தை ஓட்டை வழியாக என்னிடம் நீட்டினாய். "பின்னங்காலு உன்து. தடவு" என்றாய். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே தடவினேன். இந்தப் பக்கம் வாங்கி இறக்கியதும் அது என் விரலையும் சேர்த்து நக்கிற்று. நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. ராணியின் நாக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்திருக்க வேண்டாம்.

கொத்தனார் வந்த காலையை நீ மறந்திருக்க மாட்டாய். மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். "புதுசா பூனை வந்திருக்கு" என்றேன். "வந்தா? அது இந்த வழியா போவுதா வருதா, காட்டு பாப்போம்" என்றார்கள். எங்கே காட்டுவது? அந்தக் கறுப்புப் பிசாசு வந்ததிலிருந்து அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பிடித்து ஓட்டைக்கு முன்னால் விட்டேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து ஒரு துண்டுக் கறியைக் காட்டி, "ஆ, ஆ, என் ராஜா" என்று கெஞ்சினாய். நோன்பு வேளையில், பசியோடு, கையில் கறி! குட்டி உள்ளே ஏறிற்று. பாதி வழியில் நின்றது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டு நானும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நெத்திலியைக் காட்டினேன். அது உன்னைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. சரிதான் போங்கள் என்று நட்டநடு ஓட்டையில் உட்கார்ந்து பாதத்தை நக்க ஆரம்பித்துவிட்டது.

கொத்தனார் கையில் செங்கல்லோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா தாயி, உசுரு குந்திக்கினு கீது. எப்பிடி கல்லு வைக்கிறது?" என்றார்.

"தள்ளுப்பா அதை" என்றார்கள் மாமியார். அவர் தள்ளவில்லை. மாமியாரே குனிந்து கையை நீட்டினார்கள். அது கை விரலை மோந்து பார்த்துவிட்டு, முழு எடையையும் அந்த உள்ளங்கையில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டது. மாமியார் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார்கள். அப்புறம், "சரி, பாஸ்கா பண்டிகை ஆகட்டும் பாத்துக்கலாம்" என்றார்கள். அந்தப் பாஸ்காவும் போயிற்று, எத்தனையோ பாஸ்கா போயிற்று, அவர்கள் மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எலி பிடிக்கத் துப்பில்லாத அந்தக் குட்டிக்கு, மீன் திருடியதற்காக, 'கள்ளன்' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். தங்கள் தட்டிலிருந்தே அதற்கு மீன் கிள்ளிப் போட்டதும் அவர்கள்தான்.

அவனை நான் எப்போது ஏற்றுக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ராணி இருந்த இடத்தில் அவன் உட்காரவே இல்லை. வேறு இடம் பார்த்து உட்கார்ந்தான். அதனால்தான் முடிந்ததோ என்னவோ.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு நான் தெருவழியாக உன் வீட்டுக்கு வந்திருக்கலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? பெருநாளைக்கு வந்தேன், கூடத்தில் பாயில் உட்கார்ந்து சேமியா தின்றேன். இரண்டு பேரும் என்னவோ அந்நியர் மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்கு ஓடி, ஓட்டையில் முகத்தை வைத்து, "இப்ப சொல்லு ஆபா" என்றேன். நீயும் அங்கே தயாராகக் காத்திருந்தாய்.

போன மழைக்காலத்தில் உனக்கு விஷஜுரம் வந்தது. கள்ளன் உன் கட்டிலடியை விட்டு நகரவில்லை. நீ போன அன்றும் நான் கூடம் வரைதான் வந்தேன், உன் அடுக்களைப் பக்கம் தலை திரும்பவில்லை. உன் வீட்டுக்காரர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேலூர் போய்விட்டார். கள்ளனை எனக்கு விட்டுவிட்டுப் போனார். அவன் தினமும் ஓட்டை வழியாக அந்தக் காலி வீட்டுக்குப் போகிறான், கொஞ்ச நேரம் கழித்து வருகிறான். நான் கேட்பதில்லை. அவனுக்கும் வயசாகிவிட்டது.

இன்றைக்குப் போனவன் திரும்பவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து தொலைப்பானோ என்ற பயத்தில் கைவேலையைப் போட்டுவிட்டுத் தெருவழியாக உன் வீட்டுக்குள் நுழைந்தேன். உன் அடுக்களைக்கு நான் போனது இன்றுதான், ஆபா. வெள்ளையடிக்கிறவர் ஒருவர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். கள்ளன் அணைந்த அடுப்பு மேடையில் படுத்திருந்தான்.

ஓட்டைக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், சுவரில் பழுப்பாக ஒரு வட்டம். எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம் புரிந்தது. உன் தலை எண்ணெய். இத்தனை வருஷம் நீ அங்கே தலையைச் சாய்த்துக்கொண்டுதான் என்னோடு பேசியிருக்கிறாய். இந்தப் பக்கத்திலிருந்த எனக்கு அது தெரியாது.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உன் இடத்திலிருந்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். என் அடுப்பு தெரிந்தது. என் மணை தெரிந்தது. மணையில் யாரும் இல்லை. நான் உனக்கு முந்திப் போயிருந்தால் நீ இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். நீ என்றால் எப்படியாவது யாரையாவது கொண்டுவந்து அந்த மணையில் உட்கார வைத்திருப்பாய், நெய் தடவியாவது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வருகிறவள் யாராக இருந்தாலும் அவள் நீ இல்லை. எனக்கு நீதான் வேண்டும்.

"இன்னாம்மா, செவுத்தோரம் குந்திக்கினே?" என்றார் வெள்ளையடிக்கிறவர். அவருக்கு என் அழுகையைவிட அந்தச் சுவர்தான் பெரிய தலைவலி. "இந்த எண்ணெக் கறை ஒண்ணு போவவே மாட்டேங்குது. நானும் எத்தினி தபா அடிச்சிட்டேன். காய காயத் திரும்பி மேல வந்துடுது."

"வரட்டும்பா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கள்ளனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.