சரக்கில்லாத கடை

மாப்ள,

இன்று காலை திருப்பரங்குன்றத்து அரிசி ஆலையில் பெல்ட்டு நழுவிக்கொண்டே இருந்தது. எஞ்சின் மாட்டுகிற நம் பிட்டர், பிடிப்பு வரக் குங்கிலியத்தைப் பொடித்து ஓடுகிற பெல்ட்டின்மேல் தூவினார். சூட்டில் அந்தப் பொடி கருகிக் கிளம்பிய வாசனை மூக்கில் ஏறியதும், ஆலை முதலாளி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த எதுவும் காதில் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக நான் வேலை பார்க்கிற எஞ்சின் கொட்டகைக்கு வருவாயே, அந்த நீதான் நினைவுக்கு வந்தாய். "கோயில்லயும் இதே வாசனைதான் மாப்ள. அங்க முட்டிபோடச் சொல்றாங்க, இங்க நீ குனியச் சொல்றே. அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்பாய். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. யுத்தம்கூட முடிந்துவிட்டது. உன் வாய் மட்டும் இன்னும் என் காதுக்குள் ஓயவில்லை.

அப்போது நான் தனி ஆள். ஒரு சைக்கிள், பின்னால் கட்டிய இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் என் தொழில். கிணறுகளுக்கு ஆயில் எஞ்சினும் பம்பும் பொருத்திக் கொடுக்கும் ஒப்பந்த வேலை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. எஞ்சின் ஓடுகிறவரை அந்த வீட்டில்தான் சாப்பாடு, அந்தக் களத்தில்தான் படுக்கை. பொருத்துவதற்கு முன் நானே கிணற்றுக்குள் இறங்குவேன். கோடையில் தண்ணீர் எதுவரை இறங்கும் என்பதைச் சுவரில் உள்ள கறையே காட்டிக்கொடுத்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நீ ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா. எஞ்சின் கம்பெனிகள் அனுப்புகிற இங்கிலீஷ் காட்டலாக்குகளை எனக்குப் படித்துச் சொல்ல வந்தவன், படித்துப் படித்து என்னைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டாய். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஒருநாள் காட்டலாக்கை மூடி வைத்துவிட்டுச் சொன்னாய்: "எஞ்சின் மாட்ட ஊருக்குப் பத்துப் பேரு இருக்கான் மாப்ள. எந்தக் கிணத்துக்கு எது தோதுன்னு சொல்ல ஒருத்தன் இல்ல. விக்கிறவன் தன் சரக்கத்தான் சொல்லுவான். நாம விக்க வேணாம். சொல்லுவோம்."

"நம்ம ஊர்ல சொல்றதுக்கு ஆளுக்கா பஞ்சம்? டீக்கடைக்குப் போனா சும்மாவே சொல்றானே!" என்று நான் சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. அடுத்த மாதமே ஆலை வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாய். மேலமாசி வீதியில் மாடியறை ஒன்று பிடித்தோம். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, அலமாரி நிறையக் காட்டலாக். 'எஞ்சின், பம்பு ஆலோசனை' என்று போர்டு எழுதினாய். முதலில் வந்த சோழவந்தான்காரர் உள்ளே நுழைந்து நாலு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கடியிலும் பார்த்தார்.

"எஞ்சின் எங்கப்பா?"

"இங்க எஞ்சின் இல்லண்ணே" என்றாய் நீ.

"பின்னே என்னத்த விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கல. அதான்ணே எங்க சரக்கு."

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பத்து நாள் கழித்து, எஞ்சின் வியாபாரிகள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிக் குழப்பியபின், அவரே திரும்பி வந்தார். அவருக்கு அப்போது எஞ்சினே தேவையில்லை, கிணற்றைத் தூர்வாரினாலே போதும் என்று போய்ப் பார்த்துச் சொன்னோம். எஞ்சின் வேண்டாம் என்று சொல்கிற எஞ்சின்காரர்கள் என்று ஊரெல்லாம் நம் பெயரைப் பரப்பியது அவர்தான்.

அப்புறம் மளமளவென்று வந்தார்கள். இரண்டு அரிசி ஆலை, ஒரு பருத்தி அரைக்கும் ஆலை, ஒரு மிஷன் பள்ளி விடுதி, மேற்கே வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் நிறையப் பேர். மாட்டுகிற வேலைக்குத் தனி ஆட்களை வைத்தோம். நான் சைக்கிளை விட்டு நாற்காலிக்கு வந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. முன்பு ஒரு கிணற்றுக்கு இரண்டு நாள் செலவழித்தவன், உட்கார்ந்த இடத்தில் ஒரு காலைக்குள் நாலு கிணறுகளுக்குப் பதில் சொன்னேன். "எல்லாத்துக்கும் போய்ப் பாக்கணும் மாப்ள" என்று நீ முணுமுணுப்பாய். "பத்து வருஷமாக் கிணத்துக்குள்ள கிடந்தவன்டா நான், எனக்குத் தெரியாதா?" என்று உன் வாயை அடைப்பேன்.

அந்தத் தை மாதத்தில்தான் திருவாதவூர் அக்கா வந்தார்கள். புருஷன் இல்லாமல் தனியாக நின்று வெள்ளாமை பார்த்தவர்கள். கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம், ஒரு கிணறு, கமலை இறைக்க ஒரு ஜோடி மாடு. கூடையிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.

"மேல இருந்து தண்ணி வரைக்கும் அளந்துட்டு வந்திருக்கேன் தம்பி. மூணு ஆள் ஆழம். வாழை வச்சிருக்கேன்."

நீ வெளியே போயிருந்தாய். நான் கயிற்றைப் பார்த்தேன், கிணற்றைப் பார்க்கவில்லை. எஞ்சினின் அளவைச் சொன்னேன். பம்பைக் கிணற்றுமேட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே மாடு எதுக்குக்கா? தீனிதான் தண்டம்" என்றும் சொன்னேன். அவர்கள் அதைக் கேட்டு மாட்டையும் விற்றுவிட்டார்கள்.

மழை பெய்து ஓய்ந்த தை மாதத்துக் கிணறு நிரம்பித்தானே இருக்கும்! இந்தப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் தெரிந்த சங்கதி, எனக்கு அன்று தெரியாமல் போனது. பம்பு இருபது இருபத்தைந்து அடிக்குக் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சாது. சித்திரையில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஆறு ஆள் ஆழத்துக்கு, முப்பது அடிக்கும் கீழே இறங்கிவிட்டது.

அக்கா மறுபடி மாடியேறி வந்த அன்று, அறையில் மேலூர் அரிசி ஆலை முதலாளி இருந்தார். அவருடைய மூன்று ஆலைகளையும் வருஷம் முழுக்க நாம் பார்த்துக்கொள்வது என்று பேச்சு முடிகிற நேரம். நம் தொழிலுக்கு அதுதான் பெரிய படி. அக்கா சத்தம் போடவில்லை. நின்றபடியே சொன்னார்கள்.

"எஞ்சின் ஓடுது தம்பி, தண்ணி வரல. வாழை குலை தள்ளி நிக்குது. மாடும் இல்ல."

நீங்கள் கொண்டுவந்த அளவுதானே அக்கா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பொய்யும் இல்லை பார். அதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"தப்பு எங்க மேலக்கா. கிணத்தப் பாக்காமச் சொல்லிட்டோம்."

நான் சொன்னேன் என்று நீ சொல்லவில்லை. சொல்லிட்டோம் என்றாய். முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பெறகு பாப்போம்" என்று இறங்கிப் போனார். அக்காவும் போனபிறகு உன்மேல் பாய்ந்தேன்.

"அந்த ஆளு போற வரைக்கும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா ஒனக்கு? கெடுத்துட்டியேடா!"

"வாழை அதுவரைக்கும் சும்மா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவாதவூருக்குப் போய்விட்டாய்.

நான் மறுநாள்தான் வந்தேன். வெறும் வீம்பு. வந்து பார்த்தால், வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக நீ கமலை ஓட்டிக்கொண்டிருந்தாய். வீடு வீடாகப் போய்க் கெஞ்சி ஒரு ஜோடி மாடு இரவல் வாங்கியிருந்தாய். மாடு உனக்கு அடங்கவில்லை. சால் பாதித் தண்ணீரோடுதான் மேலே வந்தது. வரப்பில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கினேன். தை மாதத்துத் தண்ணீர்க் கறைக்குச் சற்று மேலே சுவரை வெட்டி, கல் மேடை கட்டி, பம்பை அதில் இறக்கி உட்கார வைக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் விழுந்தபோது வாழையில் பாதிதான் மிஞ்சியிருந்தது. மீதிப் பாதியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு குறுகுகிறது.

மேலூர்க்காரர் திரும்பி வரவே இல்லை. வேறு ஆட்கள் வந்தார்கள், நிதானமாக வந்தார்கள். பார்க்காமல் எதற்கும் பதில் சொல்வதில்லை என்று நீ ஒரு முறையை வைத்தாய். சிலருக்குக் கோபம் வந்தது, சிலர் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். பதினோரு இடங்களை இப்போது நம் ஆட்கள் பார்க்கிறார்கள். இத்தனையும் நீ அன்று திறந்த வாயால் வந்தது. அது எனக்கு என்றோ தெரியும். ஆனால் ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. உன்னிடம் தோற்றுப்போவது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். காய்ச்சலில் கன்னம் ஒட்டிக் கிடந்தாய். நான் என்ன பேசினேன் தெரியுமா? யுத்தத்தால் உதிரி பாகம் கிடைக்கவில்லை, எண்ணெய் கிடைக்கவில்லை என்று அரை மணி நேரம் புலம்பினேன். நீ நடுவில் கேட்டாய்.

"அக்கா கிணத்துல இப்பத் தண்ணி எம்புட்டு கிடக்கு மாப்ள?"

அதுவும் சித்திரைதான். ஏதோ ஒன்றைச் சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். வாய்வரை வந்தது. "பாக்கலடா. போயிப் பாத்துட்டு வாரேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். நம் ஆட்களை அனுப்பாமல் மறுநாள் நானே போனேன். அக்கா கயிற்றை எடுத்துக் கொடுத்தார்கள். அளந்துகொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் கட்டில் காலியாக இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு சித்திரையும் போகிறேன். அந்தக் கிணற்றில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. அக்காவும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை, கயிற்றை எடுத்துக் கொடுப்பதோடு சரி. இந்த வருஷம் போனவாரம் போய் வந்தேன்.

நீதான் சரி மாப்ள. தண்ணி ரெண்டு ஆள் உசரம் கிடக்கு. இறங்கிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.