உலகம் அழிந்த மறுநாள் இரண்டு டஜன் பன்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உலகமும் சௌக்கியம்.

போனைக் கையில் கொடுத்தால் 'ம்', 'சரி' தவிர எனக்கு எதுவும் வராது என்று உனக்குத் தெரியும். அதுவும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கும்போது நான் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிரிக்காதே.

நேற்று அப்பா உன்னை மறுபடியும் வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னபோது, நீ வழக்கம்போலச் சிரிப்பாய் என்று நினைத்தேன். "யோசிக்கிறேன்ப்பா" என்றாய். இன்று காலையிலேயே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் உன்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள். இப்போது போய் விட்டுவிடாதே. நடந்தது முழுவதையும் எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

தெரு முனையில் கண்ணாடிக் கதவு போட்டுப் பெரிய கடை வந்ததில் இருந்து நம் பேக்கரியில் மதியத்துக்கு மேல் ஈ ஓட்டும் வேலைதான். அந்த நேரத்தில்தான் அப்பா போனில் வீடியோ போடும் தொப்பிக்காரர் ஒருவரைப் பிடித்தார். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத மனிதர் அவர். சூரியன் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் தூங்கப் போகிறது, மூன்று நாள் இருட்டு, கரண்ட் வராது, விமானம் பறக்காது, பணக்காரர்கள் எல்லாம் பதுங்கக் குழி தோண்டி வைத்தாயிற்று என்று சொல்வார். சூரியனுக்குத் தூக்கம் வந்தால் மூன்று நாளோடு எப்படி எழுந்திருக்கும், யார் எழுப்புவார்கள் என்று அம்மா கேட்டாள். அன்று மதியம் அப்பா தானே சோற்றைப் போட்டுக்கொண்டார்.

நானும் ஒருநாள், இதையெல்லாம் எதற்குப்பா நம்புகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. "அந்தப் பெரிய கடை வரப்போகுதுன்னு எனக்கு யாராவது சொன்னாங்களா பாப்பா? இவராவது முன்கூட்டியே சொல்றாரே" என்றார்.

இருட்டுக்கு ஏற்பாடு தொடங்கியது. ரொட்டி மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும் என்று, போட்ட ரொட்டியை எல்லாம் அறுத்து மறுபடி அடுப்பில் வைத்து ரஸ்க்காக்கிவிட்டார். கட்டிலுக்கு அடியில், பீரோ மேலே, எங்கே பார்த்தாலும் டின். ரொட்டி கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் குரலே எழும்பாது. தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா, பேக்கரியில் ரொட்டி இல்லை என்றால் உலகம் ஏற்கெனவே அழிந்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து, உள்ளே ஓடிவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வாட்ச்மேன் வந்து, பேத்தி பிறந்தநாளுக்குச் சனிக்கிழமை காலையில் இரண்டு டஜன் பன் வேண்டும் என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. மேலே எள் தூவலாமா, வேண்டாமா என்று கேட்டார். சூடாகவே தருவதாக வாக்கும் கொடுத்தார். அவர் போன பிறகு அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏங்க, வெள்ளிக்கிழமை உலகம் இருட்டிடும். சனிக்கிழமை யாருக்கு எள் தூவப் போறீங்க?"

அப்பா எள் டப்பாவைத் திறந்து பார்த்தார். "அதுக்காக வந்த ஆர்டரை வேணாம்னா சொல்லுவாங்க?"

நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் அப்பாவுக்கும் உதடு கோணியது. ஆனால் விடவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே ஷட்டரை இறக்கி, ஜன்னலில் மாவுச் சாக்கைக் கட்டி, எங்களை உள்ளே உட்கார வைத்தார். உலகம் எப்படிப் போனாலும் அதற்குள் ட்ரேயைக் கழுவி வைத்துவிடுங்கள் என்று அம்மா சொல்ல, கழுவியும் வைத்தார். பிறகு மேஜையில் மெழுகுவர்த்திகளை வரிசையாக நிறுத்தினார், ஆளுக்கு ஒன்று. நான்கு இருந்தன அக்கா. நாங்கள் மூன்று பேர்தான். அம்மாவும் அதைப் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தாள்.

பன்னிரண்டு அடித்தது. சாக்கின் ஓட்டை வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக அப்பாவின் சட்டையில் விழுந்தது. யாரோ ஷட்டரைத் தட்டி, டீக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அப்பாவால் முடியுமா? ஷட்டரை முழங்கால் அளவு தூக்கி ஒரு பொட்டலம் ரஸ்க்கை வெளியே நீட்டினார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். மூன்று மணிக்கெல்லாம் ஷட்டர் முழுவதும் மேலே போய்விட்டது. ரஸ்க் அவ்வளவு ருசியாம், பெரிய கடையில் இப்படிக் கிடைப்பதில்லையாம். நான் கல்லாவில் நின்று 'இருக்கு, இருக்கு' என்று வாய்விட்டுச் சொன்னேன். நம்ப மாட்டாய்.

உலகம் பிழைத்ததில் அப்பாவுக்குச் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடுவில் நடுவில் வந்து, போன் அடித்ததா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். யார் போன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் வாட்ச்மேனின் இரண்டு டஜன் பன்னும் சொன்னபடி சூடாகவே போயின. இப்போது தொப்பிக்காரர், கணக்கில் சின்னப் பிசகு, இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கிறது என்கிறார். அப்பா காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். அதை வைத்துத்தான் நேற்று உன்னைக் கூப்பிட்டது.

அக்கா, அவரோடு வாதாடாதே. சூரியன் தூங்காது என்று நீ நிரூபித்தாலும் வேறு ஒன்று தூங்கும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் விட்டுவிடு. அவருக்கு எதிர்பார்த்துக்கொண்டிருக்க ஒரு தேதி வேண்டும், அவ்வளவுதான். உனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் கேள். ஆறு மாதம் கழித்து என்றாலும் பரவாயில்லை, நான்கு நாள்தான் என்றாலும் போதும். ஆனால் சமாதானத்துக்குச் சொல்லாதே. நிஜமான தேதியாக இருக்கட்டும். சொன்னால் வந்துவிட வேண்டும். கணக்கில் பிசகு என்று நீயும் சொன்னால் இந்த வீடு தாங்காது.

வேலையை மட்டும் விடாதே. டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். தேதி தெரிந்தால் அப்பாவுக்கு முன்னால் எனக்குச் சொல். காலண்டரில் நான்தான் வட்டம் போடுவேன்.

உன் அன்புத் தங்கை